சரிந்து நின்ற ஏழு

மார்ச் 8, சனி

−9. காற்று. கராச் கதவு பனியில் ஒட்டிப் போயிருந்தது. காலால் நாலு உதை. திறந்தது.

இன்று தனியே. கராச்சும் உள்ளே நிற்கும் ஜீப்பும் குயா ரோமியுடையவை, அவருக்குச் சனிக்கிழமையும் வேலை போட்டுவிட்டார்கள். 'குயா' என்றால் பிலிப்பைன்ஸ் மொழியில் அண்ணை. அவர் ஏஜென்சி ஆள். வா என்றால் வரவேண்டும், போ என்றால் போகவேண்டும். நான் கம்பனி ஆள், சனி லீவு. இரண்டு பேரும் ஒரே பட்டறையில், உணவக அடுப்புகளுக்கு மேலே மாட்டும் புகைக்கூடு செய்கிறோம். அவர் ஸ்ரெயின்லெஸ் தகடு மடிப்பார், நான் வெல்ட் போடுவேன். சம்பளம் மட்டும் வேறு.

ஜீப்பைப் பற்றி இங்கே இன்னும் ஒழுங்காக எழுதவில்லை. பிலிப்பைன்ஸில் இதற்கு 'ஓனர்' என்று பெயர். வாடகைக்கு ஓடாமல் சொந்தக்காரனே ஓட்டும் ஜீப். பெரிய கம்பனி எதுவும் செய்வதில்லை. தெருவோரப் பட்டறையில் தகடு மடித்து, பழைய ஜப்பான் எஞ்சின் ஒன்றை இறக்கி, ஆளுக்கு ஏற்ற மாதிரிக் கட்டுவது. இதை குயாவே தன் ஊரில் கட்டினார், பதினாறு வருடத்துக்கு முன். முன் கண்ணாடிக்கு மேலே வெட்டி ஒட்டிய எழுத்தில் மகளின் பெயர்: ஜெசா. போன இலையுதிர் காலத்தில் கொண்டெய்னரில் வந்து இறங்கியது. அவருடைய மனைவி லோர்னா ஒரு மாதம் அவரோடு கதைக்கவில்லை.

உடம்பு ஸ்ரெயின்லெஸ், பிரச்சினை இல்லை. அடியில் இருக்கும் சேசிஸ் சாதாரண இரும்பு. கடல் காற்று தின்றுவிட்டது.

இன்று செய்தது: சேசிஸின் வலது முன் சட்டம். துரு முழுக்க அரைத்தேன். வெளிப்பக்கம் யாரோ பஞ்ச்சால் குத்திய கீறல்கள். இலக்கங்கள் மாதிரி இருந்தது, ஒன்றும் வரிசையில் இல்லை. கடைசி ஒன்று வெறிகாரன் மாதிரிச் சரிந்து நின்றது. யாரோ ஒரு விசரனின் கைவேலை. பட்டறைக் குறிப்பாக இருக்கும். அரைத்தேன், குழிகளுக்கு வெல்ட் நிரப்பினேன், மறுபடி அரைத்தேன். எங்கள் தொழிலில் தகட்டில் அடையாளம் தெரிந்தால் குறை. பென்சில் கோடு தெரிந்தாலும் முதலாளி திருப்பி அனுப்புவார். அரைதாள் 80, பிறகு 120, பிறகு 240. கடைசியில் முகம் தெரிந்தது.

பளபளப்பு மட்டும் தெரியக் கிட்டவாகப் படம் எடுத்து அனுப்பினேன். குயாவிடமிருந்து மூன்று கட்டைவிரல்.

நல்ல வேலை. நானே சொல்லிக்கொள்கிறேன், வேறு யார் சொல்லப் போகிறார்கள்.

மார்ச் 11, செவ்வாய்

மழையும் பனியும் கலந்து. சப்பாத்து ஈரம்.

பட்டறையில் குயாவின் முன்கையைத் தகட்டு விளிம்பு கிழித்தது. ஆழமில்லை, ஆனால் நிறைய இரத்தம். முதலாளி எட்டிப் பார்த்து என்னிடம் தமிழில் சொன்னார்:

"ஏஜென்சிக்குப் போன் அடிச்சுச் சொல்லச் சொல்லு. இஞ்ச ஒண்டும் எழுத வேண்டாம்."

பிறகு, சிரித்துக்கொண்டு: "உவங்கள் நல்ல சனம் தம்பி. வாயே திறக்க மாட்டாங்கள்."

இவர் அகதியாக வந்தவர். இறங்கிய நாளில் தன்னிடம் ஒரு சேட்டுத்தான் இருந்தது என்று ஒவ்வொரு கோயில் திருவிழாவிலும் மைக்கில் சொல்வார். இப்போது மார்க்கம் நகரில் வீடு, விட்பியில் இன்னும் இரண்டு. அந்தச் சேட்டைப் போட்டிருந்த ஆளை இன்று பட்டறை வாசலில் கண்டால் ஏஜென்சிக்குப் போ என்றுதான் சொல்வார்.

நான் என்ன சொன்னேன்? ஒன்றும் சொல்லவில்லை. பஞ்சும் பிளாஸ்ரரும் எடுத்துக் கொடுத்தேன். பெரிய வீரன்.

பிக்கரிங் நகரில் வெல்டர் வேலைக்கு நான் போட்ட விண்ணப்பம் இரண்டாம் கட்டம் தாண்டியிருக்கிறது. பெரிய இடம், யூனியன், நல்ல சம்பளம். வெல்ட் சோதனை மே மாதம். பொலிஸ் சேட்டிபிக்கற் சுத்தமாக இருக்கவேண்டும். இருக்கிறது. இந்த நாட்டில் ஒரு பார்க்கிங் டிக்கற் கூட வாங்கவில்லை.

மார்ச் 16, ஞாயிறு

+3. கூரையிலிருந்து சொட்டு.

ஜெசாவுக்கு விசா வந்துவிட்டது. ஏப்ரல் 12, சனி, பிற்பகல் விமானம்.

குயா கராச்சுக்குள் வந்து, கதவைச் சாத்தி, பெயின்ற் வாளியின் மேல் இருந்து அழுதார். நான் ஸ்பானரைத் துடைத்துக்கொண்டு நின்றேன். வேறு என்ன செய்வது.

லோர்னா முதலில் வந்தார், பிள்ளை பார்க்கும் வேலைக்கு. நாலு வருடம் கழித்துக் குயா. மகளுடைய கோப்பு மட்டும் பிரிந்துபோய் எங்கோ நின்றுவிட்டது. மருத்துவச் சோதனை காலாவதி, மறுபடி சோதனை, மறுபடி காலாவதி. ஆறு வருடம். தாயின் தங்கை வீட்டில் வளர்ந்தாள். இப்போது இருபது வயது.

"இந்த ஜீப்பிலதான் நேசரிக்குக் கூட்டிக்கொண்டு போனனான்" என்றார் குயா. "எயார்போட்டுக்கு இதிலதான் போவன். கண்ணாடியில தன்ர பேரைக் காணவேணும்."

இதை இங்கிலிஷில்தான் சொன்னார். எனக்கு எழுதும்போது இப்படித்தான் வருகிறது.

செய்ய வேண்டியது:
– முன் பிரேக் டிஸ்குக்கு மாற்றல் (பாதி முடிந்தது)
– சீற் பெல்ற் நாலு, அதற்குத் தரையைப் பலப்படுத்தத் தகடு
– வைப்பர் மோட்டர்
– முன் விளக்கு இரண்டும்
– மட்காட் ஓரம் கூர், வளைத்து மடிக்க
– பொனற்றில் நிற்கும் குதிரைப் பொம்மை. சட்டப்படி சரியா? கேட்க
– பிறகு சேஃப்டி (வீதியில் ஓடத் தகுதி என்று மெக்கானிக் தரும் சான்று), பிறகு நம்பர் பிளேற்

எஞ்சின் இன்று மூன்றாவது முறையில் பிடித்தது. குயா கத்தவில்லை. பொனற்றில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றார், காய்ச்சல் பார்ப்பது போல.

அம்மா: "ஞாயிற்றுக்கிழமையும் அந்தப் பிலிப்பீனோவின்ர வீடோ? எங்கட பெடியள் ஒருத்தரும் உனக்குக் கிடைக்கேல்லையே?"

எங்கட பெடியள் வீடு வாங்குவதைத் தவிர வேறு ஒன்றும் கதைக்க மாட்டார்கள் என்றேன். சோற்றுக் கோப்பையை டொக்கென்று வைத்தா.

மார்ச் 22, சனி

வெயில், ஆனால் குளிர். பிரேக் முடிந்தது. மட்காட் முடிந்தது.

மத்தியானம் குயா கடதாசிக் கட்டைக் கொண்டுவந்தார். கப்பல், சுங்கம், அவர்களுடைய ஊர்ப் பதிவு. ஒவ்வொன்றாகக் காட்டினார். சேசிஸ் நம்பர், பதினொரு இலக்கம், தட்டச்சில்.

"சேஃப்டி செய்யிற ஆள் இதைத்தான் முதல் பாப்பான். கடதாசியில உள்ளது இரும்பில இருக்கவேணும். இல்லாட்டி வண்டி இல்லை, வெறும் இரும்புதான்."

எங்கே இருக்கிறது என்று கேட்டேன்.

"வலது முன் சட்டத்தில. நாங்களே பஞ்ச் பண்ணினது. ஊரில எல்லாரும் அப்பிடித்தான், பட்டறைக்காரன் கையால அடிக்கிறது."

அந்த இடத்தை மட்காட் மறைத்திருந்தது. அவர் குனிந்து பார்க்கவில்லை. என் வேலையில் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை.

அந்த நேரம் சொல்லியிருக்கலாம். இரண்டே சொல். 'நான் அரைச்சிட்டன்.' வாயில் வந்தது. லோர்னா பான்சிற் நூடுல்ஸ் கொண்டுவந்து வைத்தார், "சாப்பிடு நிரோ, மெலிஞ்சு போனாய்" என்றார். சாப்பிட்டேன்.

இரண்டு தட்டு.

மார்ச் 23, ஞாயிறு

மேகம். 0.

காலை கடைக்குப் போனேன். இலக்கம் அடிக்கும் பஞ்ச் ஒரு பெட்டி. ஒவ்வொரு எஃகுக் குச்சியின் நுனியிலும் ஓர் இலக்கம். கல்லாவில் நின்றவன் பெட்டியைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தான் என்று நினைத்தேன். அவன் பார்த்திருக்க மாட்டான்.

குயாவும் லோர்னாவும் காலையில் சேர்ச்சுக்குப் போவார்கள். இரண்டு மணித்தியாலம். கராச் திறப்பு என்னிடம் இருக்கிறது, அவர் தந்தது.

மட்காட்டைக் கழற்றினேன். நேற்று போனில் எடுத்த படத்திலிருந்து நம்பரைப் பார்த்துக்கொண்டேன். சட்டத்தில் டேப் ஒட்டி, இரும்பு அடிமட்டம் வைத்து, இடைவெளி அளந்து, ஒவ்வொன்றாக. ஒரே பலத்தில் ஒரே அடி. பதினொன்று. டேப்பை உரித்தேன்.

தண்டவாளம் மாதிரி நேர்.

இப்போதும் எழுதும்போது அந்தப் பெருமையின் வாடை கையில் இருக்கிறது. பயந்துகொண்டு, திருட்டுத்தனமாக, ஆனால் அழகாகச் செய்தேன். கோணலாக எனக்குச் செய்யத் தெரியாது. கொஞ்சம் துருத்தூளும் எண்ணெயும் பூசினேன், பழசாகத் தெரிய. மட்காட்டைப் பூட்டினேன்.

சேர்ச்சிலிருந்து வந்து குயா கேட்டார்: "இண்டைக்கும் வந்தனியோ? நல்ல பெடியன்."

மார்ச் 29, சனி

உறைமழை. கார்க் கண்ணாடி சுரண்டவே கால் மணித்தியாலம்.

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

தூக்கிச் செல்லும் ட்ரக்கில் ஏற்றி ஜீப்பைக் குலம் அண்ணையின் கராச்சுக்குக் கொண்டுபோனோம். குலம் அண்ணை என்னுடைய கொரோலாவைப் பார்க்கும் மெக்கானிக், நேர்மையான ஆள், வாய் மட்டும் நீளம். ஜீப் இறங்கியதும் சுற்றி வந்தார்.

"என்னடாப்பா உது, சாப்பாட்டுக் கரியருக்குச் சில்லுப் பூட்டின மாதிரி?"

குயா என்ன சொல்கிறார் என்று கேட்டார். அழகாக இருக்கிறதாம் என்றேன்.

"குதிரை வேற நிக்குது. வண்டி நிண்டால் அது இழுக்குமோ?"

சிரித்தோம். பிரேக், சரி. விளக்கு, சரி. பெல்ற், சரி. என் வெல்டைத் தட்டிப் பார்த்து, "ஆர் போட்டது? நீயோ? உன்னை அந்தப் புகைக்கூட்டுக்காரன் சும்மா பழுதாக்கிறான்" என்றார். குயா கையைப் பிசைந்துகொண்டு நின்றார், பரீட்சை மறுமொழிக்கு நிற்கும் தகப்பன் மாதிரி.

"இனி நம்பர்."

ஜீப்பைத் தூக்கி, மட்காட்டுக்குக் கீழே டோர்ச் அடித்தார். நெடுநேரம். விரலால் தடவினார். பிறகு போய்க் கையைத் துடைத்துவிட்டுக் கடதாசிக் கட்டைக் கேட்டார். புரட்டினார். கடைசிப் பக்கம் வரை.

கடைசிப் பக்கத்தில் சுங்கத்தில் எடுத்த படம் இருந்தது. சட்டம், துரு, பதினொரு இலக்கம். மேலும் கீழுமாய். கடைசி ஏழு வலப்பக்கம் சரிந்து.

நான் கடைசிப் பக்கம் பார்க்கவில்லை. தட்டச்சில் நம்பர் கிடைத்தது, அத்தோடு நிறுத்திவிட்டேன்.

குலம் அண்ணை என்னிடம் தமிழில்: "ஆர் அடிச்சது உதை? உவரோ?"

நான் என் சப்பாத்தைப் பார்த்தேன்.

"தம்பி, உன்னைத்தான் கேக்கிறன். நம்பர் தேஞ்சு போச்செண்டால் அதுக்கு ஒரு வழி இருக்கு. கடதாசி குடுத்து, படத்தைக் காட்டி, வாகனப் பதிவுக் கந்தோரில கேக்கலாம். புதுசா அடிச்சால் அது களவு வண்டிக்காரன் செய்யிற வேலை. பொலிஸ். விளங்குதோ?"

விளங்கியது. பிக்கரிங் விளங்கியது. சேட்டிபிக்கற் விளங்கியது. வாய் மட்டும் வேலை செய்யவில்லை.

அவர் குயாவிடம் இங்கிலிஷில் திரும்பினார். "யார் இந்த நம்பரை அடித்தது?"

குயா ஜீப்புக்குக் கீழே போய்ப் பார்த்தார். முதல் தடவையாக. எங்கோ ஒரு கொம்பிரசர் ஓடிக்கொண்டிருந்தது. வெளியே வந்து, என்னைப் பார்க்காமல் சொன்னார்:

"நான்தான்."

குலம் அண்ணை கடதாசிக் கட்டை மடித்துக் கொடுத்தார். "ஆளைக் கூட்டிக்கொண்டு போ தம்பி. நான் உதைக் காணேல்லை. கண்டனான் எண்டால் சொல்லவேணும். எனக்கும் லைசன்ஸ் இருக்கு."

திரும்பும்போது ட்ரக்கின் முன் சீற்றில் மூன்று பேர், நான் நடுவில். குயா ஜன்னல் பக்கம். லோரன்ஸ் வீதி தாண்டும்போது ஒரே ஒரு வசனம்:

"நேரா இருக்கு, நிரோ. சரியான நேர்."

மார்ச் 30, ஞாயிறு

வெளியே போகவில்லை. வெயில் அடித்தது, திரைச்சீலையை மூடினேன்.

கணக்குப் பார்த்தால் இப்படி: குயாவின் குடியுரிமை விண்ணப்பம் உள்ளே இருக்கிறது, பொலிஸ் கேஸ் விழுந்தால் அது போச்சு. அவர் 'நான்தான்' என்றார். நான் இங்கே குடியுரிமை உள்ளவன், யூனியன் வேலைக்குப் போகப் போகிறவன், ஏஜென்சிக்காரர்களைத் திட்டி இந்தக் கொப்பியில் பக்கம் பக்கமாக எழுதுகிறவன். நான் ஒன்றும் சொல்லவில்லை.

முதலாளி சொன்னது சரி. வாயே திறக்காத ஒருவன் அந்தப் பட்டறையில் இருக்கிறான். ஆளைத்தான் மாற்றிச் சொன்னார்.

ஏப்ரல் 4, வெள்ளி

வேலையில் குயா வழமை போல. காலை வணக்கம். தகடு. மத்தியானம் தன் சோற்றுப் பெட்டியிலிருந்து ஒரு துண்டு கருவாடு என் பக்கம் தள்ளினார். ஏசியிருந்தால் பரவாயில்லை.

"எயார்போட்டுக்கு உன்ர காரில போகலாமோ? ஊபர் பெரிய சூட்கேஸ் ஏத்தமாட்டான்."

ஓம் என்றேன்.

ஜீப்பைப் பற்றி ஒரு சொல் இல்லை, இரண்டு பேரும்.

ஏப்ரல் 12, சனி

மழை விட்டுவிட்டு. +7.

பியர்சன் எயார்போட். இரண்டு மணித்தியாலம் தாமதம். லோர்னா கையில் பெரிய குளிர் ஜக்கற், புதுசு, விலைச்சீட்டு இன்னும் தொங்கியது. குயா கதவு திறக்கும் ஒவ்வொரு தடவையும் எழும்பி இருந்தார்.

ஜெசா வந்தாள். உயரம். தகப்பனை விட உயரம். அவருக்கு அது தெரியாது. வீடியோவில் எல்லாரும் ஒரே அளவு. கட்டிப்பிடிக்கப் போனவர் ஒரு கணம் நின்று, பிறகு நிமிர்ந்து பிடித்தார்.

எனக்கு அறிமுகம்: "இதுதான் நிரோ. ஜீப் எல்லாம் இவன்தான் செய்தது."

"ஓ, ஜீப்" என்றாள். அவளுடைய இங்கிலிஷ் என்னுடையதை விட நல்லது. ஊரில் கோல் சென்ரர் வேலை. "எங்கே அது? அதில வாறதாச் சொன்னார்."

"கடதாசி முடியேல்லை" என்றார் குயா. "கொஞ்ச நாள்."

நெடுஞ்சாலையில் பின் சீற்றிலிருந்து அவள் தகப்பனிடம் சொன்னது, சிரித்துக்கொண்டுதான், ஆனால் லோர்னா உடனே ஜன்னல் பக்கம் திரும்பினார்:

"ஜீப் எனக்கு முன்னமே வந்திட்டுது. ஏழு மாதம் முன்னம். அதுக்கு விசா தேவையில்லை என்ன?"

நான் வைப்பரைக் கூட்டினேன், மழை இல்லாமலே.

பதினைந்து வருடம் பழசான வண்டி என்றால் இந்த நாடு ஒன்றும் கேட்காமல் உள்ளே விடும். பிள்ளை என்றால் மருத்துவச் சோதனை காலாவதி.

ஏப்ரல் 13, ஞாயிறு

வெயில். முதன்முறையாகக் கராச் கதவு உதைக்காமல் திறந்தது.

சொல்லுவது என்று முடிவெடுத்துப் போனேன். குயாவுக்குத் தனியே. அப்படித்தான் திட்டம்.

போனால் ஜெசா கராச்சுக்குள் நிற்கிறாள். தாயின் செருப்பு, அந்தப் புது ஜக்கற். குயா பக்கத்தில். அவள் கண்ணாடிக்கு மேலிருந்த தன் பெயரைப் படித்துவிட்டு, "இவ்வளவு சின்ன வண்டியா இது" என்றாள். குதிரையின் காதைத் தடவினாள். ஓட்டுநர் சீற்றில் ஏறி இருந்தாள், இறங்கினாள். பிறகு நேரே வலது சில்லுப் பக்கம் போய், சீமெந்துத் தரையில் முழங்காலில் இருந்து, போன் விளக்கை மட்காட்டுக்குக் கீழே பிடித்தாள்.

"அப்பா, என்ர ஏழு எங்கே?"

குயா மட்காட்டில் கையை வைத்தார்.

"இது இல்லை. என்னுடையது விழப் போற மாதிரி இருக்கும்."

எனக்குத் திரும்பி விளக்கம் சொன்னாள், விருந்தாளிக்குச் சொல்வது போல. நாலு வயதில், பட்டறையில், கடைசி இலக்கத்துக்குத் தகப்பன் பஞ்ச்சை அவளிடம் கொடுத்தாராம். சுத்தியல் பாரம். இரண்டு கையாலும் தூக்கினாளாம். அவர் கையைப் பிடிக்கவில்லையாம், அவள் விடவில்லையாம். அடி சரிந்து விழுந்தது. பட்டறைக்காரன் அரைத்துவிட்டுத் திருப்பி அடிப்போம் என்றானாம். அப்பா வேண்டாம் என்றாராம்.

"பள்ளிக்கூடம் போகும்போது ஒவ்வொரு நாளும் குனிஞ்சு பாத்திட்டுத்தான் ஏறுவன்."

யாரோ ஒரு விசரனின் கைவேலை. மார்ச் 8. எழுதியிருக்கிறேன், பக்கத்தைக் கிழிக்கப் போவதில்லை.

சொன்னேன். இரண்டு பேருக்கும் முன்னால். அரைத்தது, பஞ்ச் வாங்கியது, சேர்ச் நேரம் வந்தது, குலம் அண்ணையின் கராச்சில் வாய் மூடி நின்றது. இங்கிலிஷில் சொன்னேன், அதனால் சுருக்கமாக வந்தது.

ஜெசா: "அசிங்கமா இருந்ததெண்டு அரைச்சியா?"

"ஓம்."

"சரி" என்றாள். சரி இல்லை. எழும்பி முழங்கால் தூசியைத் தட்டிவிட்டு வீட்டுக்குள் போனாள். செருப்புச் சத்தம் படி வரை கேட்டது.

குயா பெயின்ற் வாளியின் மேல் இருந்தார். "அடிச்சது நீ எண்டு அண்டைக்கே தெரியும். எங்கட ஊரில ஒருத்தனும் இவ்வளவு நேரா அடிக்கமாட்டான்."

"அப்ப ஏன் நீங்கள் எண்டு சொன்னனீங்கள்?"

"நீ வாய் திறக்கேல்லை. ஆரோ ஒருத்தர் சொல்லவேணும்தானே. உனக்குப் பெரிய வேலை கிடைக்கப் போகுது எண்டு லோர்னாவுக்கும் சொல்லி வைச்சனான்." பிறகு: "எனக்குக் கோபம் நிரோ. இப்பவும் இருக்கு. அரைச்சதுக்கு இல்லை. நானும் பட்டறைக்காரன், எத்தினையை அரைச்சிருப்பன். ரெண்டு கிழமையா என்ர சோத்தைச் சாப்பிட்டாய்."

ஸ்பானர்களை எடுத்து வைத்துவிட்டு வெளியே வந்தேன்.

வீட்டுக்கு வந்து குலம் அண்ணைக்குப் போன் அடித்தேன். முழுக்கச் சொன்னேன்.

"நீயோடா? அந்த மனுசன் தன்ர தலையில போட்டவர்?"

"ஓம் அண்ணை."

"ஒரு வழிதான் இருக்கு. செய்தவன் உள்ளதை உள்ளபடி எழுதிச் சத்தியக் கடதாசி முடிக்கவேணும். பழைய படம், சுங்கக் கடதாசி எல்லாம் வைச்சுக் கந்தோரில குடுக்கவேணும். அவங்கள் வேற நம்பர் குடுத்தாலும் குடுப்பாங்கள். பொலிசுக்கு அனுப்பினாலும் அனுப்புவாங்கள். அது உன்ர பலன்." பிறகு: "நீ அடிச்சது அப்பிடியே இருக்கட்டும். திரும்பவும் கிரைண்டரைத் தூக்காதை, சொல்லிப்போட்டன்."

ஏப்ரல் 14, திங்கள்

வருடப்பிறப்பு. +11. அம்மா காலையிலேயே பொங்கி, புது உடுப்புப் போடு, நல்ல நேரத்துக்குள் வெளிக்கிடு என்றா. எங்கே போகிறேன் என்று கேட்டா. சட்டத்தரணி கந்தோருக்கு என்றேன். "வீடு பாக்கிறியோ?" என்று முகம் மலர்ந்தது. பாவம். பின்னேரம் சொல்லவேண்டும்.

வேலைக்குச் சுகமில்லை என்று சொன்னேன். கம்பனி ஆள், சொல்லலாம்.

கந்தோர் பிளாசாவின் மேல்மாடியில், நகைக்கடைக்கும் பல் டொக்டருக்கும் நடுவில். சட்டத்தரணி பதினொரு மணிக்குத்தான் வருவாராம், கையெழுத்துக்கு. தட்டச்சு செய்பவர் ஓர் அக்கா, பட்டுச் சேலை, மேசையில் பலகாரத் தட்டு. ஒரு பயற்றம் பணியாரம் தந்துவிட்டுத்தான் விஷயம் கேட்டா.

குயா கீழே, என் காருக்குள், இன்று அவரை ஏஜென்சி கூப்பிடவில்லை. மேலே வர மாட்டேன் என்றார். 'அது உன்ர கடதாசி.' ஜெசாவும் பின் சீற்றில் இருந்தாள். ஏன் வந்தாள் என்று நான் கேட்கவில்லை. ஊர் பார்க்க என்று அவளே தாயிடம் சொன்னது கேட்டது.

அக்கா நான் சொல்லச் சொல்ல அடித்தா. பஞ்ச் வரும் இடத்தில் விரல் நின்றது.

"தம்பி, ஏன் உங்கட பேரைப் போடுறீங்கள்? 'இன்னார் எண்டு தெரியாத ஒரு ஆள்' எண்டு போடுவம். எத்தினை பேருக்கு அப்பிடி முடிச்சுக் குடுத்திருக்கிறம்."

"தெரியும் அக்கா. நான்தான்."

"பொலிசுக்குப் போனால்?"

"போகட்டும்."

சொல்லும்போது தைரியமில்லை. இருந்ததென்று எழுதினால் பொய்.

அக்கா தோளைக் குலுக்கினா. அடித்தா. நான் மார்ச் 8 அன்று அரைத்தேன். வெல்ட் நிரப்பினேன். மார்ச் 23 அன்று பஞ்ச் செய்தேன். வாகனச் சொந்தக்காரருக்கு இவை இரண்டும் தெரியாது. இந்த வசனத்தை இரண்டு தரம் வாசிக்கக் கேட்டேன்.

"முன்னம் இருந்த இலக்கம் எப்பிடி இருந்ததெண்டு ஒரு விவரம் வேணும். படத்தோட ஒத்துப் பாக்க."

சொன்னேன். கையால் அடித்தது. மேலும் கீழும். கடைசி ஏழு வலப்பக்கம் சரிந்திருந்தது. அதை அடித்தவர் சொந்தக்காரரின் மகள், அப்போது வயது நாலு.

"கடைசி வசனம் தேவையில்லை தம்பி. கந்தோருக்கு அது என்னத்துக்கு? வெட்டிவிடவோ?"

படியில் சட்டத்தரணியின் சப்பாத்துச் சத்தம்.

"வெட்ட வேண்டாம் அக்கா."